மான்குட்டிக்குக் கொடுத்த பசும்பால்

ஒரு தவறை எழுதி வைத்துவிட வேண்டும் என்று மூன்று வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வேறு எதையாவது எழுதித் தப்பித்துக்கொண்டேன். இன்று தப்பிக்கப் போவதில்லை.

ஒரகடத்தில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு வெற்றுநிலம் இருக்கிறது. சீமைக்கருவேல் மண்டிய நிலம். அதைத் தாண்டினால் ஏரிக்கரை, அதற்கப்பால் கொஞ்சம் காடு. இந்தப் பக்கத்தில் பழைய ஆட்களைக் கேட்டால், ஒரு காலத்தில் வல்லக்கோட்டை முருகனைக் கும்பிடப் போகும் வழியெல்லாம் புள்ளிமான் பார்த்ததாகச் சொல்வார்கள். இப்போது அந்த வழியெல்லாம் கம்பெனி மதில். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவந்தது, 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான். நடுவில் எத்தனையோ வந்துவிட்டன. மான்கள் எங்கும் போய்விடவில்லை. மதிலுக்கும் மதிலுக்கும் நடுவே இருக்கின்றன, அவ்வளவுதான்.

ஒருநாள் விடிகாலை, நான் நடைக்குக் கிளம்பும் நேரம். இரவு ஷிப்ட் முடிந்து வந்த இரண்டு ஒப்பந்தத் தொழிலாளர் பையன்கள் எங்கள் வாசலில் நின்றார்கள். ஒருவன் கையில் யூனிபார்ம் சட்டையைச் சுற்றி எதையோ வைத்திருந்தான். பிரித்துக் காட்டினான். புள்ளிமான் குட்டி. பிறந்து சில நாள்தான் இருக்கும்.

"தாத்தா, புதருக்குள்ள தனியா கிடந்துச்சு. அம்மாவைக் காணோம். நாய் தூக்கிடும்னு எடுத்துட்டு வந்துட்டோம்."

வாட்ச்மேன், "ஐயாகிட்ட கொடுங்கப்பா, ஐயா பார்த்துக்குவாரு" என்றார். எனக்கு அதில் ஒரு பெருமை. மூன்று பிள்ளைகளை வளர்த்த கை அல்லவா! என் மனைவி பசும்பாலை வெதுவெதுப்பாகக் காய்ச்சிக்கொண்டு வந்தாள். பேத்திக்கு ஊட்டிய பாலாடை பரணில் இருந்தது. குட்டியை மடியில் மல்லாக்கப் போட்டுக்கொண்டு, நானே ஊட்டினேன். இருமியது. முதுகைத் தட்டிவிட்டு மறுபடியும் ஊட்டினேன். குடியிருப்பே வந்து பார்த்தது. குழந்தைகள் அதற்குப் பெயர்கூட வைத்துவிட்டார்கள். செல்போனில் படம் எடுத்தார்கள். அந்தப் படங்களில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

மத்தியானத்துக்குள் வயிறு உப்பிவிட்டது. கழிச்சல் கண்டது. மூச்சு கரகரவென்று வாங்கியது. அதற்குப் பிறகுதான் வனத்துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று என் மகனுக்குத் தோன்றியது. சாயங்காலம் வந்த வனக்காப்பாளர் ஒரு இளம்பெண். குட்டியைப் பார்த்ததுமே அவர் முகம் மாறியது. எங்களை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. வண்டியில் ஏற்றும்போது மட்டும் சொன்னார்.

"எங்க கிடந்துச்சோ அங்கேயே விட்டிருந்தா, பொழுது சாய தாய் வந்திருக்கும் ஐயா."

குட்டி இரவைத் தாண்டவில்லை.

புள்ளிமான் தன் குட்டியைப் புதரில் படுக்க வைத்துவிட்டுத்தான் மேயப் போகும். குட்டியும் அசையாமல், சத்தம் போடாமல் படுத்திருக்கும். அதுதான் அதற்குப் பாதுகாப்பு. நாம் பார்த்துவிட்டு, "ஐயோ, அநாதை" என்கிறோம். பெற்ற தாய் பத்திருபது கஜ தூரத்தில் நின்று நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கக்கூடும். நாம் நகரும்வரை அது பக்கத்தில் வராது. இன்னொன்று, மான்பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைவிட மிக அதிகம். பசும்பால் அதன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. மல்லாக்கப் போட்டு ஊட்டினால் பால் புரையேறி நுரையீரலுக்குள் போகும். மனிதர் கைபட்ட பயமே மானைக் கொன்றுவிடும் என்றும் மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆக, அன்று நான் செய்ததில் சரியானது ஒன்றுகூட இல்லை. எல்லாம் அன்பினால் செய்ததுதான்.

அரசு அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் எழுத்தராக இருந்தவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு கோப்பு தவறிப்போனால், இதற்கு முன்னால் இதே மாதிரி கோப்பு எப்படிக் கையாளப்பட்டது என்று பழைய கட்டுகளைப் புரட்டுவோம். அப்படிப் புரட்ட ஆரம்பித்தேன். எனக்குக் கிடைத்ததை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். என் வயதுக்காரர்களுக்கு எல்சா என்ற பெண்சிங்கம் நினைவிருக்கலாம். 1956, கென்யா. ஜார்ஜ் ஆடம்சன் என்ற வனவிலங்குக் காவலர், தன்மேல் பாய்ந்த ஒரு பெண்சிங்கத்தைச் சுட்டுவிட்டார். பிறகுதான் தெரிந்தது, அது குட்டிகளைக் காக்கப் பாய்ந்திருக்கிறது. மூன்று குட்டிகள். இரண்டை ஹாலந்து நாட்டு ராட்டர்டாம் மிருகக்காட்சி சாலைக்கு அனுப்பினார்கள். மூன்றில் சிறியதான எல்சாவை அவரும் மனைவி ஜாயும் வளர்த்தார்கள். வளர்த்தது பெரிதல்ல. வளர்த்ததைக் காட்டுக்குத் திருப்பி அனுப்ப முனைந்தார்கள், அதுதான் புதுமை. வேட்டையாடக் கற்றுக்கொடுக்க மாதக்கணக்கில் பாடுபட்டார்கள். எல்சா காட்டில் வாழ்ந்து, காட்டுச் சிங்கத்தோடு கூடி, மூன்று குட்டிகளை ஈன்று அழைத்து வந்து காட்டியது. 1961 ஜனவரியில் உண்ணியால் வரும் காய்ச்சலில் இறந்தது.

1960இல் புத்தகம், 1966இல் படம். ஆங்கிலத்தில் 'பார்ன் ஃப்ரீ', அதாவது சுதந்திரமாய்ப் பிறந்தது. பிரெஞ்சில் அதே படத்துக்கு 'விவ்ர் லீப்ர்' என்று பெயர் வைத்தார்கள். சுதந்திரமாய் வாழ்வது என்று அர்த்தம். சின்ன வயதில் இந்த வித்தியாசம் எனக்கு உறைக்கவில்லை. இப்போது உறைக்கிறது. பிறக்கும்போது எல்லாக் குட்டியும் சுதந்திரமாகத்தான் பிறக்கிறது. வாழ்வதற்குத்தான் பால் வேண்டும், பாடம் வேண்டும், இடம் வேண்டும். காப்பாற்றுவது என்ற சொல்லுக்குள் இந்த மூன்றும் அடக்கம். நான் முதல் படியிலேயே வழுக்கி விழுந்தவன்.

முதல் படியான பாலுக்கே ஒரு பெரிய வரலாறு உண்டு. கென்யாவின் சாவோ கிழக்குப் பூங்காவில் டேவிட் ஷெல்ட்ரிக் வார்டனாக இருந்தார். அவர் மனைவி டாஃப்னி. தந்தத்துக்காகத் தாய் யானைகளைக் கொன்றார்கள். பால்குடிக் குட்டிகள் மிஞ்சின. பசும்பால் கொடுத்துப் பார்த்தால் கழிந்து கழிந்து செத்தன. பசும்பாலில் உள்ள கொழுப்பு யானைக்குட்டிக்குச் செரிக்காது. டாஃப்னி அம்மையார் வருடக்கணக்கில் மாற்றி மாற்றிக் கலந்து பார்த்தார். கடைசியில் கைகொடுத்தது எது தெரியுமா? கைக்குழந்தைக்குக் கொடுக்கும் பால்பொடியும் தேங்காய்க் கொழுப்பும்! நம் வீட்டுச் சமையலறைச் சாமான். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

அப்படி வளர்ந்த குட்டிகளில் ஒன்று ஆயிஷா. டாஃப்னியைத் தவிர யாரையும் அதற்குத் தெரியாது. மகளின் திருமணத்துக்காக அவர் சில நாள் வெளியூர் போனார். குட்டி பாலைத் தொடவில்லை. தாய் இரண்டாம் முறையும் போய்விட்டாள் என்று நினைத்ததோ என்னவோ, ஏங்கியே இறந்துபோனது. அன்றிலிருந்து ஒரே ஆளிடம் ஒட்ட விடக்கூடாது என்று விதி வைத்தார்கள். 1977இல் டேவிட் மறைந்தார். அதே ஆண்டு அவர் பெயரில் டாஃப்னி தொடங்கிய அறக்கட்டளை நைரோபியில் நடத்தும் காப்பகத்தில், இன்றும் பராமரிப்பாளர்கள் முறை மாற்றி முறை மாற்றிக் குட்டியோடு படுத்துறங்குகிறார்கள். மூன்று மணிக்கொரு முறை பால். குளிருக்குப் போர்வை. பிறகு சாவோ காட்டுக்குக் கொண்டுபோய், வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டு யானைகளோடு பழக விடுகிறார்கள். அப்படிப் போன பெண்யானைகள் பின்னாளில் தாங்கள் ஈன்ற குட்டியோடு வந்து பழைய பராமரிப்பாளர்களைப் பார்த்துவிட்டுப் போவதுண்டு. பேறுகாலம் முடிந்த பெண் பிறந்த வீட்டுக்கு வருகிற மாதிரி. டாஃப்னி 2018இல் காலமானார்.

இலங்கைக்கு வருவோம். பின்னவலை யானைக் காப்பகத்தை என் வாசகர்கள் பலர் சுற்றுலாவில் பார்த்திருப்பீர்கள். 1975இல் தொடங்கியது. அநாதைக் குட்டிகளை எடுத்து வளர்த்தார்கள், நன்றாகவே வளர்த்தார்கள். ஆனால் அங்கே வந்த குட்டிகள் அங்கேயே தங்கிவிட்டன. இருபது வருடம் கழித்து, 1995இல், உடவளவை தேசியப் பூங்காவை ஒட்டி இன்னொரு நிலையத்தை அந்நாட்டு வனவிலங்குத் துறை தொடங்கியது. இதற்கு 'தற்காலிகத் தங்கல்' என்ற அர்த்தத்தில் பெயர். பெயரிலேயே கொள்கை இருக்கிறது. பால் கொடுக்கும் நேரம் தவிர மனிதத் தொடர்பு கிடையாது. கொஞ்சல் கிடையாது. பார்வையாளர் தூரத்தில்தான் நிற்கலாம். ஏறக்குறைய ஐந்து வயதானதும் கூட்டமாகக் காட்டில் விட்டுவிடுவார்கள். நூற்றுக்கு மேற்பட்ட யானைகள் இப்படித் திரும்பியிருக்கின்றன. அஸ்ஸாமில் காசிரங்காவுக்கு அருகே 2002 முதல் இயங்கும் மறுவாழ்வு மையமும் இதே வழியில்தான் போகிறது.

எங்கள் குடியிருப்பில் மான்குட்டிக்குப் பெயர் வைத்தது நினைவுக்கு வந்தது. செல்போன் படங்களும்.

நம் தமிழ்நாட்டுக் கதை முதுமலை தெப்பக்காட்டில் இருக்கிறது. நூறாண்டுக்கு மேல் பழமையான முகாம். தொடக்கத்தில் அது கருணை இல்லம் அல்ல. காட்டில் வெட்டிய மரத்தை இழுக்க யானை வேண்டும். குழி வெட்டி, மூடி, விழுந்த யானையைப் பழக்கி வேலை வாங்கினார்கள். 1940இல் முதுமலை சரணாலயமானது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1977இல் யானை அச்சட்டத்தின் முதல் பட்டியலுக்கு ஏறியது. மரமிழுக்கும் வேலையும் காலப்போக்கில் நின்றது. பிடிப்பதற்காக இருந்த முகாம், தாயை இழந்து வருவதை வளர்க்கும் முகாமாக மாறியது. யானையைப் பழக்கிய குறும்பர், இருளர், காட்டுநாயக்கர் குடும்பங்களின் கைகள்தான் குட்டிகளுக்குப் பாலும் புகட்டின. அரசாங்கம் கொள்கையை மாற்றிக்கொண்டது, அறிவு அவர்களிடமே இருந்தது.

இந்த முகாம்களைப் பற்றிப் பேசும்போது டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தியைச் சொல்லாமல் போகக்கூடாது. ஜெயமோகன் 'யானை டாக்டர்' என்று கதையாக எழுதியது இவரைத்தான். காட்டில் செத்துக் கிடக்கும் யானையை அப்படியே விட்டுவிடாமல், அழுகிப்போயிருந்தாலும் பிரேதப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று நின்றவர். எதனால் செத்தது என்று எழுதி வைத்தால்தானே அடுத்த சாவைத் தடுக்க முடியும்? எழுத்தர் வேலை பார்த்தவனுக்கு இதன் அருமை தெரியும். காகிதத்தில் ஏறாத சாவு, நடக்காத சாவாகிவிடும். அவர் 2002இல் மறைந்தார்.

2017இல் ஓசூர் பக்கம் தேன்கனிக்கோட்டைப் பகுதியில் மின்சாரம் தாக்கித் தாயை இழந்த ஒரு குட்டி தெப்பக்காட்டுக்கு வந்தது. அதுதான் ரகு. 2019இல் சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து பொம்மி. காட்டுநாயக்கர் இனத்தைச் சேர்ந்த பொம்மனும் பெள்ளியும் இரண்டையும் வளர்த்தார்கள். கார்த்திகி கொன்சால்வெஸ் எடுத்த 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' ஆவணப்படம் 2023 மார்ச்சில் ஆஸ்கர் வாங்கியது. நாடே கொண்டாடியது. முதலமைச்சர் அவர்கள் இருவருக்கும், தெப்பக்காடு, ஆனைமலை முகாம்களில் பணிபுரியும் 91 பேருக்கும் தலா ஒரு லட்சம் அறிவித்தார். பெள்ளி அம்மாவுக்கு அந்த வருடமே நிரந்தர வேலையும் கிடைத்தது. மகிழ்ச்சிதான்.

ஆனால் அதே மார்ச் மாதத்தின் மற்ற செய்திகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 7ஆம் தேதி தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, ஒரு நிலத்தில் சட்டத்துக்குப் புறம்பாகப் போட்டிருந்த மின்கம்பியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் தனியாக நின்றன. அவற்றைத் தேடித் தருமபுரிக்குப் போயிருந்தவர்களில் பொம்மனும் ஒருவர். படம் பரிசு வாங்கிய நேரத்தில் அவர் அந்த வேலையில்தான் இருந்தார். சில நாளில் பென்னாகரம் பக்கம் இன்னொரு குட்டி கிணற்றில் விழுந்தது. மீட்டார்கள். கூட்டத்தோடு சேர்க்கப் பார்த்தார்கள், முடியவில்லை. 16ஆம் தேதி தெப்பக்காட்டுக்குக் கொண்டுவந்து பொம்மன், பெள்ளி கையிலேயே ஒப்படைத்தார்கள். சில மாதக் குட்டி. மாதம் முடிவதற்குள், 31ஆம் தேதி, கழிச்சல் கண்டு இறந்துவிட்டது.

உலகமே பார்த்துக் கைதட்டிய கைகள் அவை. கால்நடை மருத்துவர்கள் கூடவே இருந்தார்கள். அப்படியும் போய்விட்டது. இதைப் படித்த அன்று என் குற்ற உணர்ச்சி குறையும் என்று நினைத்தேன். இல்லை, கூடியது. தெரிந்தவர்களுக்கே இவ்வளவு கடினமான வேலையை, ஒன்றும் தெரியாமல் ஒரு பாலாடையை வைத்துக்கொண்டு நான் செய்யத் துணிந்தேனே!

அதே வருடம் டிசம்பரில் வேறு ஒரு செய்தி வந்தது. வால்பாறை பன்னிமேடு எஸ்டேட் பகுதியில் கூட்டத்தைவிட்டுப் பிரிந்து திரிந்த ஒரு குட்டியை, வனத்துறையினர் ட்ரோன் பறக்கவிட்டுக் கூட்டத்தைத் தேடிக் கண்டுபிடித்துச் சேர்த்துவிட்டார்கள். சேர்த்தபின் எடுத்த படத்தில் தாயின் நிழலில் குட்டி படுத்துத் தூங்குகிறது. பலரும் பார்த்திருப்பீர்கள். அங்கே பால்பொடி இல்லை, பெயர் சூட்டல் இல்லை. சேர்த்துவிட்டார்கள், ஒதுங்கிவிட்டார்கள். ஆகச் சிறந்த மீட்பு இதுதான் என்று எனக்குப் படுகிறது.

சரி, தெப்பக்காட்டில் வளரும் குட்டிகள் ஏன் சாவோவில் போல் காட்டுக்குத் திரும்புவதில்லை? பெரும்பாலும் முகாம் யானையாகத்தான் நின்றுவிடுகின்றன. அன்பிலோ அறிவிலோ குறை இருப்பதாக நான் நினைக்கவில்லை. கணக்கைப் பாருங்கள். சாவோ கிழக்கும் மேற்கும் சேர்ந்து சுமார் 22,000 சதுர கிலோமீட்டர். முதுமலைப் புலிகள் காப்பகம், வெளிமண்டலத்தையும் சேர்த்து, 688. காப்பகத்தைச் சுற்றி ஊர், தோட்டம், சாலை, மின்கம்பி. மனிதனைக் கண்டு பயப்படாமல் வளர்ந்த யானையை அங்கே விட்டால், அது நேராக ஊருக்குள்தான் வரும். யானைக்கும் ஆபத்து, ஏழை விவசாயிக்கும் ஆபத்து. பால் இருக்கிறது, பாடமும் சொல்லித் தரலாம், இடம்தான் இல்லை.

இடமே இல்லாத உயிர்களைப் பார்க்க நீலகிரி வரை போக வேண்டியதில்லை. எங்கள் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையிலேயே கிழக்கே போனால் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா. 1855இல் எட்வர்ட் பால்ஃபர் சென்னை அருங்காட்சியகத்தில் தொடங்கிய சிறு மிருகக்காட்சி சாலை, பிறகு பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், 1985இல் வண்டலூருக்கு வந்தது. சர்க்கஸில் சிங்கம், புலி, கரடி, குரங்கைப் பழக்கிக் காட்டக்கூடாது என்று 1998இல் அரசு தடை போட்டது. வழக்கு நடந்து, 2001இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்தச் சர்க்கஸ் சிங்கங்கள் எங்கே போவது? நாட்டில் சில இடங்களில் மீட்பு மையம் அமைத்தார்கள், வண்டலூர் அதில் ஒன்று. அவை பெரும்பாலும் ஆப்பிரிக்கச் சிங்கமும் நம் கிர் சிங்கமும் கலந்த வழி. கூண்டில் பிறந்தவை. எந்தக் காட்டிலும் விட முடியாது. இனம் பெருக்கவும் விடவில்லை. நன்றாகச் சோறு போட்டு, வயதாகிச் சாகும்வரை வைத்துக்கொண்டார்கள். எல்சாவின் தூரத்து உறவுகள், நான் இருக்கும் இடத்திலிருந்து முக்கால் மணி பஸ் பயணத்தில், இப்படி முடிந்தன. சுதந்திரமாய்ப் பிறக்கவும் இல்லை, வாழவும் இல்லை. ஆனால் சாட்டை இல்லாமல் செத்தன. அதுவும் ஒரு மீட்புதான் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இவ்வளவும் படித்தபின் எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் எழுந்து என் தவறைச் சொன்னேன். குட்டி மான் தனியே படுத்திருந்தால் தொடாதீர்கள், நாயை மட்டும் விரட்டுங்கள், தூரத்தில் நின்று பாருங்கள், காயமோ தாய் செத்துக் கிடப்பதோ கண்ணில் பட்டால் உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள், பால் மட்டும் கொடுக்காதீர்கள் என்றேன். அன்று படம் எடுத்த குழந்தைகளின் பெற்றோர் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்குத்தான் சங்கடமாகிவிட்டது. அவர்கள் செய்த தப்பு ஒன்றுமில்லை.

போன மாசிமாதம் அதே பையன்களில் ஒருவன் ஓடி வந்தான். இப்போது அவன் பெர்மனென்ட் ஆகிவிட்டான். "தாத்தா, அதே இடத்துல இன்னொண்ணு. நான் தொடல" என்றான். போய்ப் பார்த்தேன். காய்ந்த சருகோடு சருகாக, காதை மடக்கிப் படுத்திருந்தது. கண் மட்டும் திறந்திருந்தது. நாங்கள் நாலு பேர், தள்ளிப்போய், குடையும் தடியுமாக மாறி மாறி உட்கார்ந்து நாய்களை விரட்டிக்கொண்டிருந்தோம். வனத்துறைக்கும் சொல்லிவிட்டோம். அவர்களும் அப்படியே விடுங்கள் என்றுதான் சொன்னார்கள். என் எழுபத்து மூன்று வயதில் ஒன்றும் செய்யாமல் ஒரு முழுப்பகல் உட்கார்ந்திருந்தது அன்றுதான். ஒன்றும் செய்யாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதும் அன்றுதான் தெரிந்தது. கை பரபரவென்றது.

இருட்டியதும் எழுந்து வந்துவிட்டோம். நாங்கள் இருந்தால் தாய் வராது.

விடிந்ததும் முதல் ஆளாகப் போனேன். குட்டி இல்லை. சருகில் அது படுத்திருந்த தடம் மட்டும் சின்னக் கிண்ணம்போல் இருந்தது. ரத்தமோ ரோமமோ எதுவும் இல்லை. ஈர மண்ணில் குளம்படி இருந்தது, பெரியதும் சிறியதுமாக என்று என் கண்ணுக்குப் பட்டது. கண்ணாடி போடாமல் போயிருந்தேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம், "தாய் வந்து கூட்டிப் போயிடுச்சு" என்று சொன்னேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. பாலாடையைப் பேத்தி வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டாள்.

அந்த வெற்றுநிலத்தில் இந்த மாதம் அளவுக்கல் நட்டிருக்கிறார்கள்.